மூன்றாம் ஓலை

1

டென்மார்க்குக்கு வந்து எட்டு வருடம் ஆகிவிட்டதை எனக்கு ஞாபகப்படுத்தியது ஒரு கேக். எங்கள் நிறுவனம் ஒரு கணினி நிரல்மொழியை உருவாக்கிப் பராமரிக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவரும். வெளிவந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை மதியம், பதிப்பு எண்ணைக் க்ரீமில் எழுதிய கேக் ஒன்று வரும். அந்தப் பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று குறிப்பு எழுதியவன்தான் அதை வெட்ட வேண்டும். குறிப்பு எழுதுகிறவன் நான். இது எட்டாவது கேக்.

கத்தியைக் கையில் வாங்கியபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பார்த்தால் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சோறு உண்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்தபிறகுதான் அவள் கூப்பிடுவாள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. சுற்றிலும் இருபது பேர் காகிதத் தட்டோடு நிற்கிறார்கள். மேலாளர் பிர்கிட்டா கைதட்டுகிறார். எடுக்கவில்லை. வெட்டி முடித்து, கழிப்பறைக்குள் போய் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவள் விட்டிருந்த குரல் செய்தியைக் கேட்டேன்.

"ஏலே சிங்கு, நான் அக்காவாக்கும். ஒனக்க புது குறிப்ப நேத்தைக்கி கம்ப்யூட்டர் எனக்கு வாசிச்சுத் தந்துது. அதுல ஒரு காரியம் கேக்கணும். வெப்ராளப்படாண்டாம், பதற ஒண்ணுமில்ல. ஒழிவா இருக்கும்பம் கூப்பிடு, கேட்டியா?"

என்ன காரியம் என்று எனக்குத் தெரியும். நான் எழுதிய நாற்பது பக்கத்தில் எந்த வரி என்றுகூடத் தெரியும். வெளியே வந்ததும் யாரோ என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்கள். நன்றி சொன்னேன். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால் நான் திணறிவிடுவேன். ஒருமுறை புதுக்கடை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல ஒரு மொழி உண்டு. அது வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். புதுசா என்ன வந்தது, என்ன மாறியது, என்ன போயிற்று என்று நான் எழுதி வைப்பேன்." அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பம் நீயா எதுவும் செய்யல்ல. அவனுவ செய்யத எழுதுதா. அம்புட்டுதானே?" என்றார். அம்புட்டுதான். எட்டு வருடத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

அந்தக் குறிப்புகளை உலகத்தில் யாரும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. தனக்கு வேண்டிய ஒரு வரியைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முழுக்கப் படிக்கிற ஒரே ஆள் எஸ்தர் டீச்சர், அதாவது எங்கள் அக்கா. புதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது. இருபத்தைந்து வயதில் மங்கத் தொடங்கி முப்பத்திரண்டில் முழுதாக அணைந்துவிட்டது. கணினி வாசிக்க, காதில் கேட்டுப் படிக்கிறாள்.

"அதுல ஒனக்கு என்ன மனசிலாவுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் மனசிலாவாது. நீ லெட்டர் எழுதமாட்டா. போன்ல ரெண்டு வாக்குக்குமேல பேசமாட்டா. வருஷத்துக்கு ஒருக்க நாப்பது பக்கம் எழுதுதா. அத நான் கேக்காண்டாமா?"

அவளுடைய கணினியில் இரண்டு வாசிப்பு உண்டு. ஆங்கிலத்தை அதனுடன் வந்த குரல் வாசிக்கும். தமிழை வாசிக்க நான்தான், இங்கே வருவதற்கு முன், எங்கள் நிரல்மொழியிலேயே ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். காரணம் உண்டு. கண் இருந்த காலத்தில் அவள் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். விரல்களுக்கு அந்த விசைப்பலகை மட்டும்தான் தெரியும். அந்தப் பழைய எழுத்துருவில்தான் இருபது வருடமாகப் பாடக் குறிப்புகளை அடித்து வைத்திருக்கிறாள், இன்றும் அடிக்கிறாள். இன்றைய கணினிக்கு அந்த எழுத்துரு வெறும் குப்பை. எங்கள் மொழிக்குள் உலகத்தின் பழைய எழுத்துமுறைகளைப் புதியதாக மாற்றுகிற ஒரு பெட்டி இருந்தது. என் நிரல் அந்தப் பெட்டியைக் கொண்டு எழுத்தை மாற்றி அவளுக்கு வாசித்துக் காட்டும். ஏற்ற இறக்கமே இல்லாமல் அது வாசிப்பதைக் கேட்டு, எங்கள் சபையில் அறிவிப்பு வாசிக்கிற உபதேசியாரின் பெயரையே அக்கா அதற்கு வைத்துவிட்டாள். "உபதேசியாரு இண்ணைக்கு முகலாயரப் பத்தி வாசிச்சாரு. பானிபட்டுச் சண்டைய சவ அடக்க அறிவிப்பு மாதிரில்லா வாசிக்காரு" என்பாள்.

இந்த வருடப் பதிப்பில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டோம். வியாழக்கிழமை பள்ளியின் கம்ப்யூட்டர் சார் நல்ல எண்ணத்தில் அக்காவின் கணினியில் எல்லாவற்றையும் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார். உபதேசியார் வாயடைத்துப் போனார். அக்கா என்ன மாறியிருக்கிறது என்று அறிய என் குறிப்பை ஆங்கிலக் குரலில் வைத்துக் கேட்டிருக்கிறாள். நீக்கப்பட்டவை என்ற பகுதியில் பெட்டியின் பெயர் வரும். அதற்குக் கீழே நான் எழுதிய வரி: இதைப் பயன்படுத்துவோர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

3

எதையும் திடீரென்று எடுத்துவிட மாட்டோம். அதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று பதிப்புகளில், மூன்று கூட்டங்களில், குறிப்பு எழுதுகிறவன் எழுந்து நின்று கேட்க வேண்டும்: இதை எடுக்கப் போகிறோம், இதைப் பயன்படுத்துகிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? மூன்றுமுறையும் பதில் வராவிட்டால் எடுத்துவிடலாம்.

முதல்முறை அதைக் கேட்டபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சபையில் ஓலை வாசிப்பது இப்படித்தான். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். மூன்றாம் ஓலையும் வாசித்தால்தான் கல்யாணம். இதைப் பிர்கிட்டாவிடம் ஒருநாள் சொன்னேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதுமுதல் அவர்கூட அந்தக் கூட்டத்தை "ஓலே" என்றுதான் சொல்வார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் அக்காவுக்கும் ஓலை வாசித்தார்கள். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலை ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு நாங்கள் எல்லோரும் புதுத்துணி உடுத்துப் போய் முன்வரிசையில் இருந்தோம். உபதேசியார் வேறு இரண்டு பெயரை வாசித்தார், சங்கக் கூட்டத்தை அறிவித்தார், உட்கார்ந்துவிட்டார். பெண்ணுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று யாரோ மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதியிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அக்கா அன்று பாட்டுப் புத்தகத்தை மூடவே இல்லை. கடைசிப் பாட்டுவரை எழுந்து நின்று பாடினாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஓலை என்ற பேச்சே எடுப்பதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடம், மூன்று கூட்டம், மூன்றுமுறை நானே எழுந்து கேட்டேன். பதில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். மூன்றுமுறையும் வாயைத் திறக்கவில்லை.

முதல்முறை வெட்கம். அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்ததுமே, அருங்காட்சியகத்தில்கூட இதெல்லாம் இருக்காது என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபிறகு எனக்க அக்கா உண்டு என்று எப்படிச் சொல்ல? இரண்டாம்முறை என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். பெட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்பதில் பிர்கிட்டா உறுதியாக இருந்தார். அதைப் பராமரிக்கிற இரண்டு பேருக்கும் வேறு வேலை தலைக்குமேல் கிடந்தது. குறுக்கே விழ எனக்குத் துணிச்சல் இல்லை. லீவில் ஊருக்குப் போகும்போது அக்காவின் நிரலை வேறுவிதமாக மாற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன். மூன்றாம்முறை என்ன என்று அடுத்ததில் சொல்கிறேன். அதுதான் அசிங்கம்.

4

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு வருகிற நாளில் எனக்கு வேலை இருக்க வேண்டும். அது தொடரும் என்று மேலாளர் கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது ஊருக்குக் கீருக்குப் போய் வம்பை விலைக்கு வாங்காதே என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள். ஆகவே இரண்டாம் கூட்டத்துக்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. அக்காவின் நிரலையும் மாற்றவில்லை. பெட்டிக்குள் அகப்பட்ட எலி என்றால் நான்தான்.

விரல் ரேகை கொடுக்க ஒருநாள் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் எண் தொண்ணூற்றிரண்டு. இந்த ஊரில் தொண்ணூற்றிரண்டைச் சொல்ல இரண்டு, கூட நாலு இருபதும் ஐந்தாவது இருபதில் பாதியும் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எட்டு வருடம் ஆகியும் எனக்கு அது காதில் விழுந்து மூளைக்குப் போவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. கவுண்டரில் இருந்த அம்மா இரண்டுமுறை கூப்பிட்டிருக்கிறார். நான் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தொண்ணூற்றைந்து என்று திரையில் பார்த்தபிறகுதான் உறைத்தது. பக்கத்தில் இருந்த மகள் ஷெரின், "அவங்க கூப்பிட்டாங்களே, நீங்க வேணும்னே உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள், டேனிஷில். மறுபடி டோக்கன் எடுத்து மூன்று மணிநேரம் இருந்தோம்.

ஷெரினுக்குப் பதிமூன்று வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். முதல் வருடம் அக்காவோடு போனில் கதை கதையாகப் பேசுவாள். இப்போது "அத்தை, சுகமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். மற்றச் சொந்தக்காரர்களுக்கு வீடியோவில் முகம் காட்டிச் சமாளித்துவிடலாம். அக்காவுக்கு அவள் குரல் மட்டும்தான் உண்டு, அந்தக் குரலில் தமிழ் வருடா வருடம் குறைகிறது. "பிள்ளைக்குச் சீணமா, மேலுக்கு முடியல்லியா? சத்தமே இல்லியே" என்று அக்கா கேட்கும்போது பரீட்சை என்று ஏதாவது சொல்லிவைப்பேன்.

மூன்றாம் கூட்டம் நடந்த வாரத்தில், என் வேலையையும் கையேடு எழுதுகிறவரின் வேலையையும் ஒன்றாக்கி ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. என் கடிதம் பிர்கிட்டாவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கூட்டத்துக்குப் போகும்போது கண்ணாடிச் சுவர் வழியாக அதைப் பார்த்தேன், மேலே என் பெயர் தெரிந்தது. அறைக்குள் போய் எழுந்து நின்றேன். இதைப் பயன்படுத்துகிற யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எவரும் இல்லை என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். கூடப்பிறந்தவளை ஒரு தாளுக்காக இல்லை என்று சொல்லிவிட்டு வந்து பகல் சாப்பாடும் சாப்பிட்டேன்.

5

கேக் வெட்டிய அன்று மாலையே கூப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில்தான் தைரியம் வந்தது. மனைவி சுனிதா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். அடுக்களை மேசையில் ஷெரின் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"கேக்கு நல்லாருந்ததா?" என்றாள் அக்கா. அவளுக்கு எங்கள் வழக்கம் எல்லாம் தெரியும்.

"நல்லாருந்துது."

"உபதேசியாரு வியாழாச்சைல இருந்து பேச்சில்ல. திங்களாச்சை ஒம்பதாம் கிளாசுக்கு பிரெஞ்சுப் புரட்சி எடுக்கணும். ஒரு வரி வாசிக்கமாட்டங்காரு. நான் பின்ன ஒனக்க குறிப்ப எடுத்துக் கேட்டேன். அதுல சொல்லியிருக்கு, இத உபயோகிக்க ஆளில்லண்ணு."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ஏலே, நான் ஆளில்லியா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உப்பு இருக்கா என்று கேட்பதுபோல் கேட்டாள். ஏதோ கோளாறு, மேலே உள்ளவர்கள் செய்தது, எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பாள். எதிரே இருந்து ஷெரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியும்," என்றேன். "மூணு வருஷமா மூணு தடவ நாந்தான் எந்திச்சுக் கேட்டேன், யாராவது உண்டாண்ணு. ஓலை வாசிக்கது மாதிரி. மூணு தடவயும் நான் மிண்டல்ல, வாயத் தொறக்கல்ல. கையெழுத்துக் கிட்டாதோண்ணு பயம்." எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், வேலை, அருங்காட்சியகம் என்று சொன்னவன், நான் சிரித்தது, எதையும் விடவில்லை.

அந்தப் பக்கம் அக்கா மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"மூணாம் ஓலைக்கும் மிண்டல்லியா?"

"இல்ல."

"அண்ணைக்கு எனக்க ஓலைக்கு எவனோ ஒருத்தன் வாயத் தொறந்தான். தொறக்காம இருந்திருக்கலாம். இப்பம் நீ தொறந்திருக்கலாம், தொறக்கல்ல. எனக்கு வந்து வாய்க்கது எல்லாம் இப்பிடித்தான் மக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற மகள் முன்னால் வந்தது. அக்கா விடவில்லை. "அழாத. நீ அழுதா பிரெஞ்சுப் புரட்சிய யாரு வாசிப்பா? எனக்க பைலு ஒனக்கிட்ட உண்டுல்லா? எடு. வாசி."

போனை வைத்தபிறகு ஷெரின் டேனிஷில் கேட்டாள். அத்தை அதை உபயோகிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும்தானே, பிறகு ஏன் யாரும் இல்லை என்று எழுதினீர்கள்? எனக்கு அந்த மொழியில் இன்னும் பொய் சொல்ல வராது. பயந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

6

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டால் உபதேசியாருக்கு உயிர் வந்துவிடும், அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் சார் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார், வர ஒரு வாரம். வேறு யாரையும் கை வைக்க அக்கா சம்மதிக்கவில்லை. அதுவரை உபதேசியார் நான்.

அக்கா மறுநாள் பாடத்தை இரவு எட்டு மணிக்குத் தயாரிப்பாள். இங்கே அப்போது மதியம் மூன்றரை. அலுவலகத்தில் போன் பேச ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. ஒரு ஆள் நிற்கலாம், உட்கார ஒரு முக்காலி. திங்கள் முதல் தினமும் மூன்றரைக்கு அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய எழுத்துருவைத் திரையில் வைத்து, தமிழில் உரக்க வாசித்தேன். அவளுடைய குறிப்புகளை அதற்குமுன் நான் படித்ததே இல்லை. இந்த இடத்தில் ரொட்டி விலையைச் சொல்லு, பின்பெஞ்சுக்காரன் முழிச்சுக்குவான் என்று நடுநடுவே தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறாள். அதையும் சேர்த்து வாசித்தேன்.

"பைய வாசி. வண்டி பிடிக்கவா போற? உபதேசியாரு ஒன்னவிடக் கொள்ளாம்" என்பாள்.

கூண்டின் கதவு மூடியிருந்தாலும் வெளியே போகிறவர்கள் பார்ப்பார்கள். புதன்கிழமை பிர்கிட்டா வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் முடித்து வரும்வரை நின்றார்.

"யாருக்கு இதெல்லாம் வாசிக்கிறீர்கள்?"

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? பெட்டியைப் பயன்படுத்துகிற ஒருவருக்கு என்று சொன்னேன். அது என் அக்கா என்றேன். மூன்று ஓலையிலும் எனக்குத் தெரிந்தே இருந்தது என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். உங்கள் மேசையில் இருக்கிற என் கடிதம் என்றேன். அவர் முகம் சிவந்தது. இவ்வளவு வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நான் அப்படிப்பட்ட ஆள் என்றா நினைத்தீர்கள்?"

"அப்படி இல்லை என்று எனக்குத் தெரியாது," என்றேன். அது உண்மை. எட்டு வருடம் ஒரே அறையில் காபி குடித்திருக்கிறோம், அவரை எனக்குத் தெரியாது.

பிறகு சொன்னார். வெளியான குறிப்பில் தெரிந்தே பொய் எழுதியிருக்கிறீர்கள், அதைப் பற்றி மேலே நான் எழுதித்தான் ஆக வேண்டும். குறிப்பைத் திருத்துங்கள். பெட்டியைத் தனியாக வெளியே வைப்போம், வேண்டுபவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் பார்க்கிறேன் என்றேன். சரி என்றார். கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். வேலை தொடரும் என்று எழுதிக் கொடுக்க, தொடருமா என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும் ஜெயசிங், இப்போது தெரியவில்லை.

அன்று சுனிதாவிடம் சொன்னேன். அவள் சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். "எனக்கும் பிள்ளைக்கும் இங்க இருக்கதுக்குள்ள அட்டை ஒங்க தாளத் தொங்கிட்டுல்லா கெடக்கு," என்றாள். பிறகு, "மதினிக்க மொகத்துல எப்பிடி முழிச்சியளோ, அத நினைச்சாத்தான் எனக்கு ஆறல்ல," என்றாள்.

7

திருத்தத்தை எழுத ஒருநாள் முழுக்கப் பிடித்தது. இரண்டே வரி. எங்கள் குறிப்புகளில் நான் என்ற சொல் வரவே கூடாது. செய்யப்பட்டது, நீக்கப்பட்டது, மாற்றப்பட்டது, இப்படித்தான் எழுத வேண்டும். யார் செய்தது என்று ஒருபோதும் தெரியாது. நான் இத்தனை வருடம் இந்த மொழிநடையில் ஒளிந்துகொண்டு வாழ்ந்திருக்கிறேன் என்று எழுதும்போதுதான் எனக்கே புரிந்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: முந்தைய குறிப்பு தவறு, இதைப் பயன்படுத்துவோர் உண்டு. இந்தியாவின் தெற்குமுனையில் ஒரு ஆசிரியர் தினமும் பயன்படுத்துகிறார், இதை எழுதுகிற நான் அதை முன்பே அறிவேன்.

நான் என்ற சொல்லைப் பிர்கிட்டா வெட்டுவார் என்று காத்திருந்தேன். வெட்டவில்லை.

மறுவாரம் கம்ப்யூட்டர் சார் வந்து, நான் போனில் சொல்லச் சொல்லப் பழைய பதிப்பைப் போட்டுக் கொடுத்தார். உபதேசியார் மறுபடியும் வாய் திறந்தார். கூண்டுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை. மூன்றரை ஆனதும் கால் மட்டும் அங்கே இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை, எப்போதும்போல ஆராதனை முடிந்து, சோறு உண்டு, அக்கா கூப்பிட்டாள். ஷெரின்தான் எடுத்தாள். "அத்தை, உபதேசியாரு பேசுதாரா?" என்று கேட்டாள். எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை, ஊர்ப் பேச்சில் கேட்டாள். அக்கா சிரிக்கிற சத்தம் மேசைவரை கேட்டது. பிறகு போன் என்னிடம் வந்தது.

"ஒனக்க புது வரிய நேத்தைக்கி வாசிச்சுக் கேட்டேன்," என்றாள். "மூணு வட்டம் கேட்டேன். எட்டு வருஷமா நீ எழுதினதுல அது ஒண்ணுதாம்லே லெட்டர் மாதிரி இருக்கு."

"கோவம் போச்சா?"

"அது பைய போவும். நீ அத நினைச்சு ஒறங்காம இருக்காண்டாம். வேலைக்காரியம் என்னாச்சு?"

"தெரியல்ல அக்கா. தாளு அவங்க மேசையிலதான் கெடக்கு."

"கையெழுத்துப் போட்டா?"

"இங்கயே இருக்கலாம். பொறவு லீவு கேட்டு எப்பமாவது வருவேன்."

"போடாட்டா?"

"போடாட்டா வேல போவும். எல்லாத்தையும் கெட்டிட்டு ஊருக்கு வந்திருவோம்."

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், சுனிதாவுக்கு வேலை, இரண்டும் இங்கேதான் என்று அவளுக்கும் தெரியும். தன் வீட்டில் இருபது வருடமாகத் தனியாகச் சோறு உண்கிறாள் என்று எனக்கும் தெரியும்.

"ஏலே சிங்கு," என்றாள். "சாயங்காலம் ஜெபக்கூட்டம் உண்டு. ஒனக்காக ஒரு விண்ணப்பம் சொல்லணும்ணு இருக்கேன். ரெண்டுல எதுக்குலே நான் ஜெபிக்க?"